சாம்பாரில் உப்பு குறையவில்லை, மவுத்வாஷ்தான் காரணம்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில், ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை செய்கிற ஒருவர் என்னிடம் வந்தார். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும், உட்கார்ந்ததிலிருந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டேதான் பேசினார். "டாக்டரம்மா, பல்லெல்லாம் காவி ஏறிப் போச்சு, கிளீன் பண்ணி விட்டுடுங்க."

வெற்றிலை, பீடி, ஹான்ஸ் எதுவும் கிடையாது என்றார். டீ மட்டும் இரண்டு வேளை. ஆனால் பல் இடுக்குகளிலும் நாக்கின் மேலும் இருந்த பழுப்பைப் பார்த்ததும் எனக்கு வேறு சந்தேகம். மவுத்வாஷ் ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டேன். "நாலு மாசமா, ரெண்டு வேளையும், ஒரு நாள் விடாம" என்றார் பெருமையாக.

நடந்தது இதுதான். கடையில் கூட வேலை பார்க்கும் பையன் தினமும் காலையில் இவருக்கு மட்டும் ஒரு புதினா மிட்டாய் நீட்ட ஆரம்பித்திருக்கிறான், மூன்றாம் நாள்தான் இவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. வீட்டில், மகனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது எழுதிக் கொடுத்த கொப்பளிக்கும் மருந்து பாதி பாட்டில் மிச்சம். டாக்டர் எழுதியதுதானே, நல்லதாகத்தான் இருக்கும் என்று தொடங்கி, தீர்ந்ததும் அதே பாட்டிலைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்த மருந்தின் பெயர் குளோர்ஹெக்ஸிடின். நம் ஊரில் பெரும்பாலும் 0.2 சதவீதக் கரைசலாகக் கிடைக்கிறது. பல் பிடுங்கிய பிறகு, ஈறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, தாடை எலும்பு முறிந்து வாயைக் கட்டிப் போட்டவர்களுக்கு, அதாவது கொஞ்ச நாளைக்கு ஒழுங்காகப் பல் தேய்க்க முடியாதவர்களுக்குத்தான் இதை எழுதுகிறோம், அதுவும் வழக்கமாக ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம். கிருமியைக் கொல்வதில் கெட்டிக்கார மருந்து, வாய்க்குள் பல மணி நேரம் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் டீ, காபியின் நிறத்தைப் பல்லின் மேல் கொண்டுவந்து படிய வைக்கும். நாக்கின் ருசியையும் கெடுக்கும், முக்கியமாக உப்பை.

உப்பு என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் மேடம், வீட்ல தினமும் சண்டை. சாம்பார்ல உப்பே இல்லன்னு நான் சொல்றேன், சரியாத்தான் இருக்குன்னு அவ சொல்றா." மேலே கொஞ்சம் தூள் உப்பு தூவிச் சாப்பிடுவதே பழக்கமாகிவிட்டதாம். அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். எனக்கு உண்மையிலேயே பகீரென்றது. வாய் மணக்க வேண்டும் என்று ஒருவர் செய்கிற காரியம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

சரி, இத்தனைக்குப் பிறகும் நாற்றம் போனதா என்றால், இல்லை. கீழ் முன்பற்களின் உட்புறம் காரை கல் மாதிரி இறுகிக் கிடந்தது, கருவியை மெல்ல வைத்தாலே ஈறிலிருந்து ரத்தம், சில இடங்களில் ஈறு பல்லை விட்டு ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பிரிந்திருந்தது. வாய் நாற்றத்தின் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவதில்லை, வாய்க்குள்ளேயே உருவாகிறது. காற்று படாத இடங்களில், அதாவது நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்கிலும் வாழும் பாக்டீரியாக்கள் உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல், கசிந்த ரத்தம் இவற்றிலுள்ள புரதத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வெளியாகின்றன. அழுகிய முட்டையின் வாடையைத் தருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடும் அவற்றில் ஒன்று. வாயில் ஊற்றிக் குலுக்கித் துப்புகிற திரவம் அந்த ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குள் போகாது. கல்லாகிவிட்ட காரையையும் அது கரைக்காது, அதை ஸ்கேலிங் செய்துதான், அதாவது கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கிளீன் செய்தால் பல் தேய்ந்துவிடும், ஆடிவிடும் என்று பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். காரை அடைத்திருந்த இடம் காலியாவதால்தான் சந்து விழுந்த மாதிரி தெரிகிறது, பல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அப்புறம், நானே செய்து பார்த்த ஒன்று. ஒரு மருந்துப் பிரதிநிதி சாம்பிளாகப் புது மவுத்வாஷ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆல்கஹால் இல்லாதது, செட்டில்பிரிடினியம் குளோரைடு என்ற கிருமிநாசினியும் துத்தநாக உப்பும் சேர்ந்தது. துத்தநாகம் அந்தக் கந்தக வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் யோசித்துச் செய்த கலவைதான். இரண்டு வாரம் போட்டுப் பார்த்தேன். முதல் வாரம் நாக்கை வழிக்காமல் மவுத்வாஷ் மட்டும், அடுத்த வாரம் மவுத்வாஷ் இல்லாமல் நாக்கு வழிப்பது மட்டும். தினமும் மாலையில் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பக்கம் மெல்லச் சுரண்டி, பத்து நொடி விட்டு முகர்ந்து பார்ப்பேன். கொப்பளித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு வாய் அருமையாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மாலை ஸ்பூனில், நாக்கு வழித்த வாரம்தான் தெளிவாக ஜெயித்தது. ஒரு ஆள் செய்து பார்த்தது ஆராய்ச்சி ஆகாது, இருந்தாலும் நாற்பது ரூபாய் நாக்கு வழிப்பானை இனி யாரிடமும் கூச்சமில்லாமல் சிபாரிசு செய்வேன். உங்கள் வீட்டிலும் இந்த ஸ்பூன் சோதனையைச் செய்து பாருங்கள். பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டு எடுத்து அதையும் முகர்ந்தால், நாற்றம் நாக்கிலா ஈறிலா என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

மவுத்வாஷே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சொத்தை அடிக்கடி வருகிறவர்களுக்கு 0.05 சதவீத சோடியம் ஃப்ளூரைடு உள்ளதை நானே எழுதித் தருகிறேன். ஆனால் பல் தேய்த்த கையோடு போடாதீர்கள். ஃப்ளூரைடு பேஸ்ட்டில் அது பொதுவாக 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அளவில் இருக்கும், இந்த மவுத்வாஷில் ஏறக்குறைய 225தான், அதிகமாக இருப்பதைக் குறைவாக இருப்பதால் கழுவி விடுகிற கதை அது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். குளோர்ஹெக்ஸிடின் எழுதிக் கொடுத்திருந்தாலும் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான், ஏனென்றால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். வாய் வறட்சி உள்ளவர்களும் வாய்ப்புண் உள்ளவர்களும் ஆல்கஹால் கலந்ததைத் தவிர்ப்பது நல்லது, எரிச்சல் கூடும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எதுவுமே வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது பற்றியும் கேட்பார்கள். பிடித்திருந்தால் செய்யுங்கள், பல் தேய்ப்பதற்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தருகிறவர்கள் வேறு. பாக்கு, குட்கா வாடையை வீட்டில் மறைக்க மவுத்வாஷ் போடுகிறவர்கள். மணம் மறைந்துவிடும், அந்த வாடைக்குக் கீழே என்ன வளர்கிறது என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். பாக்கு மட்டுமே போட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரும், புகையிலை சேர வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், மூன்று விரலை நிறுத்தி வைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைவது, இதில் எது இருந்தாலும் பாட்டிலை நம்பிக் காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

ஜவுளிக்கடைக்காரருக்கு இரண்டு முறை வரவழைத்து ஸ்கேலிங் செய்தேன், ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. குளோர்ஹெக்ஸிடினை நிறுத்திய சில வாரங்களில் நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது. சர்க்கரை பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், ஈறு நோய் இவ்வளவு இருந்தால் அதையும் பார்த்துவிடுவதுதான் முறை. மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும்.

நீங்களும் பல் டாக்டரிடம் போகும்போது, வீட்டில் போட்டுக்கொண்டிருக்கும் மவுத்வாஷ் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். மேலே இருக்கிற பெயர் முக்கியமில்லை, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் நாங்கள் படித்துப் பார்ப்போம்.