சகாப்தம்

பெரிய தலைவர் யாராவது காலமானால், மறுநாள் சுவரெங்கும் ‘ஒரு சகாப்தம் முடிந்தது’ என்று போஸ்டர். ஆனால் கல்வெட்டில் வரும் சகாப்தம் வெறும் ஆண்டுக்கணக்குதான்.

சக + அப்தம் = சகாப்தம். அப்தம் என்றால் வடமொழியில் ஆண்டு. நீர் தருவது, அதாவது மேகம், என்பது அதன் வேர்ப்பொருள். (மழையைக் குறிக்கும் வர்ஷம் ஆண்டுக்கும் பெயரானது இப்படித்தான்.) சகர், நடு ஆசியாவிலிருந்து வந்து மேற்கிந்தியாவை ஆண்டவர்கள். கர்நாடகத்தின் பாதாமி மூன்றாம் குகையில் உள்ள, சாளுக்கிய மங்களேசன் வெட்டுவித்த கல்வெட்டு, சக மன்னன் முடிசூடி ஐந்நூறு ஆண்டு கழிந்ததாகச் சொல்கிறது. இந்தக் கணக்கு தொடங்குவது கி.பி. 78-இல்; அந்த 78-ஐக் கூட்டினால் கி.பி. 578.

சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு’ என்று அரசனின் ஆட்சியாண்டுதான் வரும். விஜயநகரக் காலத்தில் ‘சகாப்தம் 1439 இதன் மேல் செல்லாநின்ற ஈசுவர வருஷம்’ என்கிற பாணி பரவுகிறது. முதல்முறை படிப்பவர் ‘செல்லா’வைப் பார்த்து எதிர்மறை என்று நினைப்பார். இல்லை, ‘ஆநின்று’ பழைய நிகழ்கால இடைநிலை. செல்லாநின்ற என்றால் செல்கின்ற. 1439 ஆண்டு கழிந்து, அதற்கு மேல் நடக்கிற ஈசுவர ஆண்டு என்று பொருள். ஆக 1517.

கழிந்ததா, நடப்பதா என்று பார்க்காவிட்டால் ஓராண்டு பிசகிவிடும். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்ததைச் சொல்லும் ஆதகூர்க் கன்னடக் கல்வெட்டில் சகம் 872, சௌமிய ஆண்டு. 78-ஐக் கூட்டினால் 950 வரும்; ஆனால் சௌமிய ஆண்டு தொடங்கியது 949-இல். அங்கே 872 நடப்பாண்டு. இங்கே கைகொடுப்பது அறுபதாண்டுப் பெயர்தான்.

இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்தபடி, 1957 மார்ச் 22-ஐ சகம் 1879 சைத்திரம் 1 என்று வைத்து இந்திய அரசு தேசிய நாட்காட்டியைத் தொடங்கியது. மத்திய அரசிதழில் இன்றும் அந்தத் தேதி உண்டு. வீட்டு விசேஷங்களில் புரோகிதர் சங்கல்பம் சொல்லும்போது காதைத் தீட்டிக்கொண்டால் ‘சாலிவாகன சகாப்தே’ கேட்கும்.

சரி, சகாப்தத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? கணக்கைச் சொல்ல ‘சக ஆண்டு’ போதும். போஸ்டருக்கு ‘காலம்’ என்றே எழுதலாம். ஊழி என்று போட ஆசைப்படுபவர்கள் உண்டு. அது உலகமே அழிந்து மறுபடி தோன்றுகிற அளவு, எந்தத் தலைவருக்கும் கொஞ்சம் அதிகம்.