உட்கார்ந்தே தூங்கும் நாய்

பொன்னி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி படுக்கவே இல்லை. கூடத்தில் அவளுக்கென்று மெத்தை விரித்து வைத்திருந்தேன். அதை ஒரு சுற்று முகர்ந்துவிட்டு, சமையலறை வாசற்படி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். கண் சொக்கும், தலை மெல்லச் சரியும். சரிந்த நொடியில் தொண்டைக்குள் ‘கர்க்’ என்று ஒரு சத்தம் கேட்கும், திடுக்கிட்டு நிமிர்வாள். மறுபடி சொக்கும், மறுபடி சரியும். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் தாடையை வாசற்படி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனாள்.

படம் எடுத்து அனுப்பினால் எல்லோரும் ‘ஐயோ, எவ்வளவு அழகு’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது மூச்சடைக்காமல் இருக்க அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். பொன்னி மாதிரித் தட்டை முகம் கொண்ட பக் இன நாய்க்கு ஏற்கெனவே குறுகலாக இருக்கும் மூச்சுப்பாதை அப்போது மூடிக்கொள்ளும். மூளை அதைத் தட்டி எழுப்பும். தாடையை உயரத்தில் வைத்தால் கழுத்து நீண்டு பாதை கொஞ்சம் திறக்கும். சில பக்குகள் பொம்மையைக் கவ்விக்கொண்டே தூங்கும், வாய் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக.

மீட்கப்பட்ட பக் ஒன்றை ஃபாஸ்டர் எடுக்கிறவர்கள், அதாவது நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள், முதலில் பழக வேண்டியது அந்த நாயின் மூச்சுச் சத்தத்தைக் கேட்பதற்குத்தான். சோறு, குளியல், நடை எல்லாம் அப்புறம்.

நம் ஊரில் பக் என்று சொன்னால் புரியாதவர்களுக்கும் ‘ஹட்ச் நாய்’ என்றால் புரியும். 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பிறகுதான் இந்த இனம் நம் தெருக்களில் சகஜமானது. குட்டியாக வாங்குவார்கள். குறட்டையும் தோல் நோயும் மருத்துவச் செலவும் தொடங்கியதும் கைவிடுவார்கள். குட்டி ஈன வைத்து விற்பவர்களிடமிருந்து வரும் பெண் நாய்களின் கதை இதைவிடக் கொடுமை. பக் குட்டிக்குத் தலை பெரிது என்பதால் பிரசவம் பல சமயம் அறுவை சிகிச்சையில்தான் முடியும். நாலைந்து ஈற்றுக்குப் பிறகு பயனில்லை என்று தெருவில் விட்டுவிடுவார்கள். பொன்னியின் அடிவயிற்றில் ஒரே கோட்டின் மேல் பலமுறை தைத்த தழும்பு இருந்தது. அவள் எங்கிருந்து வந்தாள் என்று சொல்ல அது போதும்.

2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் வரிசையில் பக்கையும் சேர்த்தது. கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். ஏன் ஒவ்வாது என்பதைப் புரிந்துகொண்டால்தான் கைக்கு வந்துவிட்ட நாயைக் காப்பாற்ற முடியும்.

எல்லாம் முகத்தில் தொடங்குகிறது. நாய்களின் முகம் ஏன் தட்டையாகிறது என்று எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எஸ்எம்ஓசி2 என்ற மரபணுவுக்குள், நாயின் டிஎன்ஏவிலேயே இடம் மாறித் திரியும் ஒரு துண்டு நுழைந்து அதன் வேலையைக் குறைத்துவிடுகிறது. நாய்களுக்கிடையே முக நீளத்தில் இருக்கும் வேறுபாட்டில் 36 சதவீதம் வரை இந்த ஒரு மாற்றத்தால் விளக்க முடியும் என்று கணித்தார்கள். மனிதன் தட்டை முகம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனச்சேர்க்கை செய்ததில் இது நிலைத்துவிட்டது.

எலும்பு சுருங்கியது. ஆனால் அதற்குள் இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. பெரிய மெத்தையைச் சின்ன உறைக்குள் திணித்தது போல நாக்கு, மென் அண்ணம் என்கிற மேல்வாயின் பின்பக்கச் சதை, மூக்கின் உள்ளே இருக்கும் சுருள் எலும்புகள் எல்லாம் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. நாசித்துவாரம் வெறும் கீறல்போல இருக்கும். அண்ணத்தின் நுனி நீண்டு குரல்வளை வாயில் தொங்கும். இதற்குக் குறுமுக மூச்சுத்தடை நோய் என்று பெயர் வைக்கலாம். லண்டனிலுள்ள ராயல் வெட்ரினரி காலேஜ் 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பக்குக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட ஏறத்தாழ 54 மடங்கு அதிகம். கருவிழிப் புண் 13 மடங்கு, தோல்மடிப்புத் தொற்று 11 மடங்கு. அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூர்க்கம் பக்கிடம் மற்ற நாய்களைவிடக் குறைவு. இத்தனை அடிபட்டும் பொன்னி ஒருமுறைகூட யாரையும் பார்த்து உறுமியதில்லை.

சரி, மூச்சுத் திணறினால் வெயில் ஏன் ஆபத்தாகிறது? நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். அது உடம்பைக் குளிர வைப்பது இளைப்பதன் மூலம், அதாவது நாக்கை நீட்டி வேகவேகமாக மூச்சிரைப்பதன் மூலம். மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால், ஒரு லிட்டர் தண்ணீரை அரை டிகிரிக்கு மேல் குளிர வைக்கும் அளவு வெப்பம் வெளியேறும். நாயின் பானை என்பது மூக்குக்குள் இருக்கும் ஈரமான சுருள்கள்தான். இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை இழுத்து வாயால் விடுகிறது. நாட்டு நாயின் நீண்ட மூக்கில் இந்த ஈரப் பரப்பு ஏராளம். பக்கிடம் அந்த இடமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண நாய் இளைக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 300 முறை மூச்சு விடும். இவ்வளவு வேகத்தில் தசைகள் வேலை செய்தால் அதுவே உடம்பைச் சூடாக்க வேண்டும். ஆனால் அப்படி ஆவதில்லை. அந்த வேகம் நாயின் நெஞ்சுக்கூட்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போவதே காரணம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தள்ளினாலே அது பாட்டுக்கு ஆடுகிற மாதிரி. பக்குக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. வழியில் தடை இருப்பதால் ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்து வாங்க வேண்டும். குழாயின் விட்டம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்குத் தடை 2 மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. குளிர்வதற்காக இளைக்கிறது, இளைப்பதாலேயே சூடாகிறது, சூட்டிலும் உராய்விலும் தொண்டைச் சதை வீங்குகிறது, வீங்கியதும் பாதை இன்னும் குறுகுகிறது. பத்து நிமிடத்தில் கைமீறிப் போய்விடும்.

இதில் புழுக்கத்தை மறந்துவிடக் கூடாது. மழை இறங்கும் நாளில் பானைத் தண்ணீர் குளிராதில்லையா, அதேபோல காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இளைத்தும் பயனில்லை. சென்னையில் கத்திரி வெயிலுக்குப் பயந்து நாயை உள்ளே வைத்திருப்பவர்கள்கூட, மேகம் மூடிய புழுக்கமான சாயங்காலத்தில் தைரியமாக நடக்கக் கூட்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் அதிகப் பயம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகளுக்கு ஆபத்து. நாக்கு அகலமாகி வெளியே தள்ளி, ஈறு செங்கல் நிறமாகவோ நீலமாகவோ மாறி, நடை தள்ளாடினால் யோசிக்க நேரமில்லை. முதலில் குளிர வையுங்கள், பிறகு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். குழாயடியிலோ குளியலறையிலோ உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, நேராக மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். போகும் வண்டியிலும் ஏசியோ ஜன்னல் காற்றோ படட்டும். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சில நிமிடத்தில் துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். திணறும் வாய்க்குள் தண்ணீர் புகட்டவும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். 103-க்கு இறங்கியதும் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் குளிர வைத்தால் தாழ்ந்துகொண்டே போகும். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணுக்கு வருகிறேன். பக்கின் கண்குழி ஆழமில்லாதது, அதனால்தான் கண் வெளியே உருண்டு நிற்கிறது. இமை முழுதாக மூடாது. பொன்னி தூங்கும்போது கீழே குனிந்து பார்த்தேன், இரண்டு கண்ணிலும் ஒரு நூல் அகலத்துக்குப் பளபளப்பு தெரிந்தது. இரவு முழுக்க அந்த நூல் இடம் காய்ந்துகொண்டே இருக்கும். மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழுப்பு நிழல் கருவிழி மேல் ஏறத் தொடங்கியிருந்தது. காய்ந்தும் உரசியும் வரும் நாள்பட்ட எரிச்சலுக்குக் கண் தரும் பதில் அது. விட்டுவிட்டால் பார்வையை மறைத்துவிடும்.

குறுமுக நாய்களின் கருவிழியில் வலி உணரும் நரம்புகள் குறைவு என்பது இன்னொரு சிக்கல். நமக்கு ஒரு தூசி விழுந்தாலே துடித்துப்போவோம். பக் கருவிழியில் புண்ணோடு சோறு தின்னும், விளையாடும். ஒரு கண்ணை மட்டும் லேசாகச் சுருக்குவது, அந்தப் பக்கம் மட்டும் நீர் வடிவது, கண்மேல் நீலப் புகை படிந்த மாதிரி தெரிவது, இவைதான் அறிகுறி. மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயத்தாளை ஈரமாக்கிக் கண்ணில் தொட்டு, நீல விளக்கை அடிப்பார். புண் இல்லாத இடத்தில் சாயம் வழிந்து போய்விடும். புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். பொன்னியின் இடது கண்ணில் மிளகு அளவுக்கு ஒளிர்ந்தது. மூன்று நாளாக என் கண்ணெதிரே இருந்தாள், எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிக் கண்ணே போகலாம்.

கழுத்துப்பட்டையும் இதனால்தான் கூடாது. இழுக்கும்போது கழுத்து நெரிந்து மூச்சுக்கும் தடை, கண்ணுக்கும் அழுத்தம். மார்போடு கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். மூக்கு மடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் படாத ஈரமான இடுக்கு, புளித்த மாவு வாடை வந்தால் உள்ளே ஈஸ்ட் பெருகிவிட்டது என்று அர்த்தம். உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, அப்புறம் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

தெருவிலிருந்து வரும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். எர்லிக்கியா என்ற கிருமி வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும். கருத்தடைக்கோ மூக்கு அறுவைக்கோ மேஜையில் ஏற்றிய பிறகு ரத்தம் நிற்காமல் போனால் அதற்குப் பிறகு தெரிந்து என்ன பயன்? வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, வீட்டிலுள்ள மற்ற நாய்களிடமிருந்து இரண்டு வாரமாவது தள்ளி வைப்பது நல்லது.

எடைதான் ஃபாஸ்டர் எடுக்கிறவர் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து. வளர்ந்த பக் 6.5 முதல் 8 கிலோவுக்குள் இருந்தால் போதும். கூடுதல் கொழுப்பு தொண்டையைச் சுற்றியும் படியும், நெஞ்சை விரியவும் விடாது. பொன்னி வந்தபோது 10.4 கிலோ. மேரி பிஸ்கெட்டும் தயிர்சாதமும் வளர்த்த உடம்பு. பிஸ்கெட்டை நிறுத்தி வெள்ளரிக்காயும் வேகவைத்த பீன்ஸும் கொடுத்தேன். முதல் வாரம் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நெஞ்சு உருகிப்போகும். என் அம்மாவை ஒளித்துக் கொடுக்காமல் தடுப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இவ்வளவையும் காப்பகத்திலேயே செய்யக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை வைத்து 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கினாலே நாயின் சிறுநீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. இடையூறில்லாமல் மிக நீண்ட நேரம் ஓய்வெடுத்ததும் அந்த வீடுகளில்தான். காப்பகத்துக்குத் திரும்பியதும் கார்டிசால் பழைய அளவுக்கே வந்துவிட்டது. குரைப்பு ஓயாத இடத்தில், தூக்கத்துக்கே போராடும் ஒரு பக்கின் நிலையை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நான்கு மாதத்தில் பொன்னி 8 கிலோவுக்கு வந்தாள். மூன்று நிமிடம் வேகமாக நடக்கவிட்டு, முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, அறுவை தேவை என்றார் மருத்துவர். நாசித்துவாரத்தை அகலப்படுத்தி, அண்ணத்தின் நீண்ட நுனியைக் கத்தரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கூடத்து மெத்தையில் ஒருக்களித்துப் படுத்து, நாலு காலையும் நீட்டித் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். நிமிடத்துக்கு 22. தூங்கும் நாய்க்கு 30-க்குள் இருந்தால் நல்லது.

இப்போது அவள் வேறு ஊரில், ஓய்வுபெற்ற ஒரு தம்பதியிடம் இருக்கிறாள். போன வாரம் அந்த அம்மா போன் பண்ணி, “ராத்திரி லேசா குறட்டை விடுறா தம்பி, பரவாயில்லையா?” என்று கேட்டார். “போனை அவ மூக்குப் பக்கத்துல வைங்கம்மா” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ரம்பம் அறுக்கிற சத்தம் இல்லை, நடுவில் ‘கர்க்’ இல்லை. பஞ்சு ஊதுகிற மாதிரி சீராக வந்துகொண்டிருந்தது.