ஓரிகாமி உருவங்களைப் பேழையில் நிறுத்த எந்தப் பசை?

தாளை மடித்துச் செய்யும் ஓரிகாமி உருவத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க விரும்புகிறவர்கள், தாள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் எங்களிடம் முதலில் கேட்பது, எந்தப் பசை உறுதியாக ஒட்டும் என்பதைத்தான். உறுதியாக ஒட்டும் பசைகளுக்குக் கடைகளில் பஞ்சமில்லை. ஆனால், பத்தாண்டுகள் கழித்து அந்த உருவத்தைத் தாள் கிழியாமலும் கறை படியாமலும் மடிப்புக் குலையாமலும் எடுக்க முடியுமா, மூடிய பேழைக்குள் அந்தப் பசை எந்த ஆவியை வெளிவிடும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், அவற்றில் பெரும்பாலானவை தேறுவதில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது பசையில் உள்ள தண்ணீர். மடிப்புக் கோட்டில் தாளின் இழைகள் நசுங்கி, அந்த நிலையிலேயே தங்கிவிடுவதால்தான் உருவம் நிற்கிறது. தண்ணீர் பட்டால் இழைகள் ஊதுகின்றன, மடிப்புத் தளர்கிறது, காயும்போது தாள் நெளிந்துபோகிறது. ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) உருவாக்கிய, தாளை ஈரமாக்கி மடிக்கும் ஈர மடிப்பு முறையில் செய்த உருவங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தடித்த தாளில் ஏற்றப்பட்டிருக்கும் பூச்சுப்பசை, ஈரத்தில் இளகி, காயும்போது இறுகுவதால்தான் அந்த விலங்குகளின் முதுகும் கழுத்தும் வளைவைக் காத்துக்கொள்கின்றன. காலடியில் நீர்த்த பசையைத் தாராளமாகத் தடவினால், அந்த இடம் மீண்டும் இளகி, உருவம் மெல்லச் சாயத் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் நிறம் ஏற்றிய சாதாரண ஓரிகாமித் தாள்களில் சாயம் கசிவதும் உண்டு. எனவே அதே தாள்கட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோதிக்காமல் எதையும் தடவக் கூடாது.

அதிகம் பயன்படுத்தப்படும் ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிட்டேட்டை அடிப்படையாகக் கொண்டது. அது காய்ந்த பின் தண்ணீரில் கரைவதில்லை. ஊறி வீங்க மட்டுமே செய்யும். இவ்வகைப் பசைகளில் பல, நாளடைவில் அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடுகின்றன. திறந்த அறையில் காற்றோடு போய்விடும் அந்த ஆவி, பேழைக்குள் தங்கித் தாளைத் தாக்குகிறது. பேழை செய்பவர்கள் விளிம்பை அடைக்கப் பயன்படுத்தும் சிலிகோன்களில் காடி வாசனை வீசும் வகைக்கும் இதே குறை உண்டு. இருபக்க டேப்பின் ஒட்டுப்பொருள் மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கிவிடும். அந்தக் கறையைப் போக்குவது எங்கள் பணியில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. சூப்பர் குளூ இழைகளுக்குள் ஊறி விறைத்து, அந்த இடத்தில் தாளை ஒடியச் செய்வதோடு, அதன் ஆவி அக்கம்பக்கத்தில் வெண்படலமாகவும் படியும். குளூ கன் பசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வெப்பத்தில் இளகும், குளிரில் கழன்றுவிடும். அருங்காட்சியக மெழுகு என்ற பெயரைக் கண்டு நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் உரியது; தாளில் எண்ணெய்க் கறையை விட்டுவிடும்.

நான் முதலில் பரிந்துரைப்பது, பசைப்புரதம் (குளூட்டன்) நீக்கிய கோதுமை மாச்சத்தைக் காய்ச்சி, சல்லடையில் அரித்துக் கெட்டியாக எடுத்த பசை. நம் ஊர்ப் புத்தகக் கட்டுநர்கள் காய்ச்சும் மைதாப் பசை இதற்கு ஈடாகாது. அதில் புரதம் எஞ்சியிருக்கிறது, பூச்சிக்கு அஞ்சிச் சேர்க்கும் மயில்துத்தமோ தாளின் சிதைவை விரைவுபடுத்தும் செப்பு உப்பு. மாச்சத்துப் பசையும் இராமபாணப் பூச்சியை ஈர்க்கும் என்பதால், ஈரப்பதம் மிகுந்த இடங்களில் தண்ணீரில் கரைத்துப் பூசும் மீத்தைல் செல்லுலோஸ் பசை நல்லது. அதன் பிடிப்புக் குறைவு என்றாலும், சில கிராம் எடையுள்ள உருவத்துக்கு அது போதும். தண்ணீரே ஆகாத தாளுக்கு, எத்தில் ஆல்கஹாலில் கரையும் ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் உண்டு. சில சாயங்கள் ஆல்கஹாலிலும் கரையும் என்பதால், அங்கும் சோதனை தேவை.

எந்தப் பசையானாலும், அதை உருவத்தின் அடியில் நேரடியாகப் பூசிப் பீடத்தில் அழுத்துவது சரியல்ல. மல்பெரி வகை மரப்பட்டை நாரில் செய்யும் ஜப்பானியக் கோஸோ தாளை, கத்தரிக்காமல் கையால் கிழித்துச் சிறு கீல்களாக்கி, அவற்றின் ஒரு முனையை உருவத்தின் கண்ணுக்குத் தெரியாத உள்மடிப்பிலும் மறுமுனையைப் பீடத்திலும் ஒட்ட வேண்டும். கீல்தாள் உருவத்தின் தாளைவிட வலுக்குறைந்ததாக இருப்பது அவசியம். பேழை அதிர்ந்தால் முதலில் கிழிய வேண்டியது கீல்தான். அலுமினியத் தாளோடு இணைத்து மடித்த உருவங்களை அக்ரிலிக் பீடத்தில் ஒட்டும்போது இரு பக்கமும் ஈரத்தை வெளியே விடாது என்பதால், அங்கே பசையை மிக மெல்லியதாகப் பூசி, நீண்ட நேரம் காய விட வேண்டும்.

பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. காலத்தால் மஞ்சளிக்காத, மீண்டும் கரைத்தெடுக்கக்கூடிய நல்ல பொருள்தான். ஆனால், அது இளகத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ்; வெயில் காலத்தில் விளக்கெரியும் பேழைக்குள் அந்த வெப்பம் எட்டாததல்ல. அதைக் கரைக்கும் அசிட்டோன் பட்டால் அக்ரிலிக் பீடம் வெளுத்து விரிசல் விடும்.

உண்மையில், என்னிடம் வரும் உருவங்களில் பலவற்றுக்குப் பசையே தேவைப்படுவதில்லை. அகன்ற அடியுடைய பெட்டியோ ஆமையோ தானாகவே நிற்கும். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்கும் சிறகு விரித்த பூச்சிக்கும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்து, தாளைத் தொடும் இடத்தில் பாலியெஸ்டர் படலம் சுற்றி, அடியில் தாங்கி கொடுக்கலாம். எடையைக் கம்பி சுமக்கும்போது, பசை செய்ய வேண்டியது உருவம் நகராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

பேழைக்குள் போகும் பொருள்களைச் சோதிக்க, ஆண்ட்ரூ ஆடி (Andrew Oddy) என்ற அறிவியலாளர் 1973-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வகுத்த முறையை அருங்காட்சியகங்கள் பின்பற்றுகின்றன: வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளோடு அந்தப் பொருளையும் ஈரக்காற்றுள்ள மூடிய குப்பியில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்து, தகடுகள் அரிக்கின்றனவா என்று பார்ப்பது. வீட்டில் இது இயலாது. அமில ஆவி பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும் சோதனைப் பட்டைகளில் ஒன்றைப் பேழையின் மூலையில் வைக்கலாம். ஒட்டி முடித்ததும் பேழையை உடனே மூடாமல், குறைந்தது ஒரு வாரம் திறந்து வையுங்கள். பயன்படுத்திய பசையின் பெயரையும் ஒட்டிய தேதியையும் பென்சிலால் ஒரு தாளில் எழுதிப் பீடத்தின் அடியில் வைத்துவிட்டால், பிற்காலத்தில் அதைக் கழற்ற வருபவர் கரைப்பானைத் தேடி ஊகிக்க வேண்டியிராது.