ஒரே தெருவுல நாலு பாட்ரிக் கெல்லி: ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்கள ரெக்கார்டுல தேடறவங்க கவனத்துக்கு

குடும்ப வரலாறு தேடிக் குடுக்கறதுதான் என் வேலை. அதுலயும் லிவர்பூல், மான்செஸ்டர் பக்கம் குடியேறுன ஐரிஷ் கத்தோலிக்கக் கூலித் தொழிலாளிக் குடும்பங்கள்தான் என்கிட்ட அதிகமா வரும். வர்றவங்கள்ல நெறைய பேர் கையிலயே ஒரு வம்சாவளி ரெடியா இருக்கும், வெப்சைட்டு ‘இவர் உங்க முன்னோரா இருக்கலாம்’னு காட்டுன இடத்துல எல்லாம் ஓகே ஓகேன்னு அமுக்கிக்கிட்டே 1790 வரைக்கும் போயிருப்பாங்க. ஒக்காந்து ஒவ்வொரு ரெக்கார்டா சரி பாத்தா 1860-கள்லயே பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்குள்ள பூந்திருக்கும், அதுக்கு மேல இருக்கற அத்தன பேரும் வேற யாரோட தாத்தா பாட்டியோ. காசு கட்டி வாங்குன சர்டிபிகேட்டும் வீண், அத நம்பி அயர்லாந்துக்கு டிக்கெட் போட்டு எந்த ஊர் கோயில்லயோ (சர்ச்சத்தான் கோயில்னு சொல்றேன்) போயி கண்ணீர் விட்டுட்டு வந்தவங்களும் இருக்காங்க. இங்க இங்கிலாந்துல நம்ம பிள்ளைங்க பலர் ஐரிஷ் வம்சத்துக் குடும்பங்கள்ல கல்யாணம் பண்ணி பேரன் பேத்தி எடுத்தாச்சு, அவங்களும் இப்ப தேட ஆரம்பிக்கறாங்க, அதனாலதான் தமிழ்லயே எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஏன் இந்தக் குடும்பங்கள் இவ்ளோ ஈசியா கலந்து போகுதுன்னு புரிஞ்சுக்கணும். 1845-ல அயர்லாந்துல உருளைக்கிழங்குப் பயிர்ல நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்துச்சு. 1847 ஒரே வருஷத்துல சுமார் 3 லட்சம் பேர் லிவர்பூல்ல வந்து எறங்குனாங்க. கையில காசு இருந்தவங்க அடுத்த கப்பல்ல அமெரிக்கா போனாங்க, இல்லாதவங்கள்ல நெறைய பேர் அந்த ஊர் ஸ்காட்லாண்ட் ரோடு பக்கத்து சந்துலயும் நிலவறையிலயும் ஒண்டிக்கிட்டாங்க, ஒரு பகுதியப் புடிச்சு அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பவும் செஞ்சாங்க. அந்த வருஷம் பரவுன டைஃபஸ் காய்ச்சல்ல, சாகக் கெடந்தவங்களுக்கு அவஸ்தைப்பூசுதல் (கடைசி நேரத்துல எண்ணெய் பூசி ஜெபிக்கற சடங்கு) குடுக்கப் போன கத்தோலிக்கச் சாமியார்களே லிவர்பூல்ல மட்டும் 10 பேர் செத்துப் போனாங்க. 1847 கோயில் ரிஜிஸ்டர்ல கையெழுத்து திடீர்னு மாறுச்சுன்னா அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு சாவு கூட இருக்கலாம், அவசரமா பக்கத்த பொரட்டிடாதீங்க. 1851 சென்சஸ்படி லிவர்பூல்ல சுமார் 84,000 பேர் அயர்லாந்துல பொறந்தவங்க, ஊர் ஜனத்தொகையில 22 சதவீதம்.

இவ்ளோ பேருக்கும் சேத்து இருந்த பேருங்க ரொம்பக் கம்மி. பாட்ரிக், மைக்கேல், ஜான், மேரி, பிரிட்ஜெட், கேத்தரின், அவ்ளோதான். கூடவே ஒரு வழக்கம், மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேர், அடுத்தவனுக்கு அம்மாவோட அப்பா பேர். எல்லாரும் கண்டிப்பா இத புடிச்சுக்கிட்டாங்கன்னு இல்ல, ஆனா நெறைய வீட்ல நடந்துச்சு. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, தாத்தா பாட்ரிக் கெல்லின்னா அவரோட நாலு பையங்களும் ஆளுக்கொரு மூத்த பையனுக்கு பாட்ரிக்னு வெச்சிருப்பாங்க, நாலும் அஞ்சாறு வருஷ வித்தியாசத்துல பொறந்து ஒரே தெருவுல வளந்து ஒரே துறைமுகத்துல மூட்டை தூக்கப் போயிருக்கும். அதனால பேர் ஒத்துப்போச்சு, வயசு ஒத்துப்போச்சு, ஊரும் அதேன்னு மூணையும் வெச்சு இவர்தான்னு முடிவு கட்டவே கட்டாதீங்க. நான் புடிச்சுக்கறது அந்தப் பேர சுத்தி நிக்கற ஆளுங்களத்தான். பொண்டாட்டியோட பொறந்த வீட்டுப் பேர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்துல கொழந்தைக்குப் பொறுப்பா நிக்கறவங்க), கல்யாணத்துக்கு சாட்சி போட்டவங்க, வீட்டு விலாசம், வீட்ல வாடகைக்குத் தங்கியிருந்த லாட்ஜர். பாட்ரிக் கெல்லி எத்தன பேரு வேணா இருக்கலாம், ஆனா வால்ஷ் வீட்டுப் பொண்ணக் கட்டி, ஒரு குறிப்பிட்ட சந்துல குடியிருந்து, மச்சான் ஜான் வால்ஷ கூடவே வெச்சிருந்த பாட்ரிக் கெல்லி ரெண்டு பேர் இருக்கறது ரொம்ப அபூர்வம்.

சென்சஸ எப்படிப் படிக்கறதுன்னு சொல்றேன். இங்கிலாந்துல பேரோட கெடைக்கற பொது சென்சஸ் 1841-ல இருந்துதான். அதுல 15 வயசுக்கு மேல இருந்தவங்க வயச அஞ்சு அஞ்சா கொறச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க, 34 வயசுக்காரர் 30-னு இருப்பார், அத நெஜ வயசுன்னு எடுத்துக்கிட்டா அங்கயே தப்பு ஆரம்பிச்சிடும். யாருக்கு யார் என்ன உறவுன்னும் அதுல கெடையாது. 1851-ல இருந்து உறவு, வயசு, பொறந்த ஊர் எல்லாம் வருது, ஆனா ஐரிஷ்காரங்களுக்கு நாட்டு பேர் போட்டா போதும்னு விதி, அதனால பக்கம் பக்கமா வெறும் ‘அயர்லாந்து’தான். எப்பவாவது ஒரு கணக்கெடுப்பாளர் சிரத்தையா ‘மாயோ’, ‘ராஸ்காமன்’னு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பேரயும் எழுதியிருப்பார், அந்த ஒரு வார்த்தை கெடச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால 1851 ஒண்ண மட்டும் பாத்துட்டு விடாம 1861, 1871, 1881னு அதே குடும்பத்த எல்லா சென்சஸ்லயும் பாருங்க, அண்ணன் தம்பி வீட்டு என்ட்ரியையும் பாருங்க, ஏதாவது ஒண்ணுல கவுண்டி பேர் மாட்டும்.

இண்டெக்ஸ்ல (தேடறதுக்காக தட்டி வெச்சிருக்கற பேர்ப் பட்டியல்) பாத்துட்டு நிறுத்திடாம அந்த சென்சஸ் பக்கத்தோட படத்தத் தெறந்து பாக்கணும். அந்தப் பக்கத்துல வீடு முடியற எடத்துல ரெண்டு சாய்கோடு இருக்கும், ஒரே வீட்டுக்குள்ள ஒரு குடித்தனம் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கற எடத்துல ஒரு சாய்கோடு. லிவர்பூல் சந்து வீட்ல ஒரு ரூமுக்கு ஒரு குடும்பம்னு இருந்ததால இந்தக் கோட கவனிக்கலைன்னா அடுத்த ரூம் பிள்ளைங்கள உங்க குடும்பத்துல சேத்துருவீங்க. வயசு மேல கருப்பா அழுத்தி பென்சில் கிறுக்கல் இருக்கும், அது ஆபீஸ்ல எண்ணிக்கை எடுத்த குமாஸ்தா போட்ட டிக், அதனாலயே 1-ஐ 4-ன்னும் 3-ஐ 8-ன்னும் இண்டெக்ஸ் பண்ணி வெச்சிருப்பாங்க. இன்னொண்ணு, நம்ம கையில இருக்கறது வீட்டுக்காரங்க குடுத்த ஒரிஜினல் தாள் இல்ல, 1901 வரைக்கும் கெடைக்கறது கணக்கெடுப்பாளர் அதப் பாத்து எழுதுன காப்பி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா ஐரிஷ் உச்சரிப்புல வாசல்ல நின்னு சொன்னத ஒரு இங்கிலீஷ்காரர் காதுல விழுந்த மாதிரி எழுதி, அத திரும்ப காப்பி பண்ணியிருக்கார், பேர்ல எழுத்து மாறாம இருந்தாத்தான் ஆச்சரியம். குடும்பப் பேருக்கு முன்னாடி வர்ற ‘ஓ’வும் ‘மெக்’கும் ஒரு சென்சஸ்ல இருக்கும் அடுத்ததுல காணாமப் போயிருக்கும்.

மதம் என்னன்னு அந்தக் காலத்து இங்கிலாந்து சென்சஸ்ல கேக்கவே இல்ல, கத்தோலிக்கரான்னு தெரியணும்னா கோயிலுக்குத்தான் வரணும். ஞானஸ்நான ரிஜிஸ்டர் லத்தீன்ல இருக்கும்னு பயந்து நெறைய பேர் ஒதுக்கிடறாங்க, அப்படி விட்டுடாதீங்க, எல்லா என்ட்ரியும் ஒரே அச்சுலதான் இருக்கும். மாதிரிக்கு ஒண்ணு சொல்றேன். 1853 மார்ச் 4 பொறந்து மார்ச் 6 ஞானஸ்நானம் வாங்குன மிக்கேல், தம்பதிகளான பாட்ரிசியுஸ் கெல்லிக்கும் பிரிஜிட்டாவுக்கும் மகன், அம்மா ‘ஓலிம்’ வால்ஷ், பாட்ரினுஸ் யோவான்னெஸ் வால்ஷ், மாட்ரினா ஹொனோரா கெல்லி, கடைசியில சாமியார் கையெழுத்து. இந்த ரெண்டு மூணு வரியில எவ்ளோ இருக்கு பாருங்க. ‘ஓலிம்’ போட்டா அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேர். தம்பதிங்கற வார்த்தை இல்லைன்னா சட்டப்படி கல்யாணம் ஆகலையோன்னு யோசிக்கணும். ஞானத்தகப்பன் வால்ஷ், ஞானத்தாய் கெல்லி, ஆக அநேகமா ஒருத்தர் தாய்மாமன், இன்னொருத்தர் அத்தை, அவங்க ரெண்டு பேரும் கூடவே கடல் தாண்டி வந்திருக்காங்க. இந்தத் தாய்மாமனத் தேடிப் போனா அவரோட ஊர் கெடைக்கும், அவரோட ஊர்தான் உங்க பாட்டியோட ஊர். பேர் மட்டும் கொஞ்சம் பழகணும், யாக்கோபுஸ்னா ஜேம்ஸ், குலியெல்முஸ்னா வில்லியம், ஹொனோராங்கறவங்க சென்சஸ்ல நோராவாவோ ஹன்னாவாவோ வருவாங்க, பிரிட்ஜெட் டெலியாவா வருவாங்க, ஒரே ஆள்தான்.

ஓரத்துல சின்னதா கிறுக்கியிருக்கறதையும் விடாதீங்க. ரோம்ல இருந்து வந்து 1908-ல அமலான ஒரு சட்டத்துனால ஒருத்தர் எங்க கல்யாணம் பண்ணாலும் அத ஞானஸ்நானம் வாங்குன கோயிலுக்குத் தெரியப்படுத்தி பழைய ரிஜிஸ்டர் ஓரத்துல எழுதணும்னு ஆச்சு. 1880-கள்ல ஞானஸ்நானம் வாங்குன கொழந்த பக்கத்துல 25 வருஷம் கழிச்சு வேற மையில நியூயார்க் கோயில் பேரும் மாப்ள பேரும் எழுதியிருக்கும். இண்டெக்ஸ்ல இது பெரும்பாலும் வராது.

சிவில் பதிவு, அதாவது பொறப்பு, கல்யாணம், சாவ அரசாங்கத்துல பதியறது, இங்கிலாந்துல 1837 ஜூலை 1-ல ஆரம்பிச்சது, ஆனா 1875 வரைக்கும் பொறப்ப பதியறது பெத்தவங்க பொறுப்புன்னு கறாரா இல்ல, கோயில்ல ஞானஸ்நானம் ஆயிடுச்சே அது போதும்னு விட்ட குடும்பங்கள் உண்டு. அதனால சர்டிபிகேட் கெடைக்கலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம் இல்ல. இன்னொரு விஷயம் வர்றவங்கள ரொம்பக் கொழப்பும், ஞானஸ்நானம் மார்ச் 6-ன்னு இருக்கும், பொறப்பு சர்டிபிகேட்ல பொறந்த தேதி மார்ச் 20-ன்னு இருக்கும். பொறக்கறதுக்கு முன்னாடி எப்படி ஞானஸ்நானம்னு ரெண்டு கொழந்தையாக்கி வம்சாவளி மரத்துல போட்டுருவாங்க. 42 நாளைக்குள்ள பதியணும், தாண்டுனா காசு கட்டணும், தெனக்கூலிக்காரங்க எங்க போவாங்க, தேதிய ரெண்டு வாரம் தள்ளிச் சொல்லிருவாங்க. இந்த மாதிரி எடத்துல நான் கோயில் தேதியத்தான் நம்புவேன்.

கல்யாணம் தேடறப்போ 1754-ல இருந்து 1837 வரைக்கும் கவனமா இருங்க. அப்ப சட்டப்படி செல்லணும்னா யூதர்களையும் குவாக்கர்ங்கற சின்ன கிறிஸ்தவச் சபைக்காரங்களையும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தோட அரசாங்கச் சபை) கோயில்லதான் கல்யாணம் பண்ணணும். ஆங்கிலிக்கன் ரிஜிஸ்டர்ல பேர் இருக்கறத பாத்துட்டு இவங்க கத்தோலிக்கரே இல்லைன்னு தூக்கிப் போட்டவங்கள பாத்திருக்கேன். பல ஜோடிங்க ரெண்டு எடத்துலயும் கல்யாணம் பண்ணியிருக்காங்க, ரெண்டையும் தேடுங்க. அதே மாதிரி இங்கிலாந்து கல்யாண சர்டிபிகேட்ல 2021 வரைக்கும் அம்மா பேரே கெடையாது, அப்பா பேர் மட்டும்தான், ஆனா அதே கல்யாணத்துக்கு கத்தோலிக்க லத்தீன் ரிஜிஸ்டர்ல பல எடத்துல மாப்ள பொண்ணு ரெண்டு பேரோட அம்மா பேரும் இருக்கும். அந்த அம்மாக்கள் பேரு வேற எங்கயும் கெடைக்காமப் போகலாம், அதனால சர்டிபிகேட் வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க.

அயர்லாந்துன்னாலே ‘அங்க எல்லாம் எரிஞ்சு போச்சே’ம்பாங்க. 1922 ஜூன்ல உள்நாட்டுச் சண்டையில டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் ஆவணக் காப்பகம் எரிஞ்சது நெஜம், 1821-ல இருந்து 1851 வரைக்கும் உள்ள சென்சஸ் பெரும்பாலும் அதுல போச்சு. 1861, 1871 சென்சஸ அரசாங்கமே அழிச்சது, 1881, 1891 முதல் உலகப்போர் சமயத்துல பேப்பர் கூழாப் போச்சு. ஆனா கத்தோலிக்க ரிஜிஸ்டர் எதுவும் அங்க கெடையாது, அந்தந்தப் பங்குச் சாமியார் வீட்லதான் இருந்துச்சு, அதனால தப்பிச்சது. அதையெல்லாம் அயர்லாந்து தேசிய நூலகம் மைக்ரோஃபிலிம் எடுத்து 2015-ல 3,70,000-க்கும் மேல படங்களா நெட்ல இலவசமா போட்டாச்சு. காசு வாங்கிட்டு ‘ஸ்பெஷலா எடுத்துத் தர்றேன்’னு யாராவது சொன்னா முதல்ல அங்க போயிப் பாருங்க. எரிஞ்ச சென்சஸ்லயும் கொஞ்சம் தப்பிச்சிருக்கு, அது எப்படின்னா 1909-ல இருந்து 70 வயசானவங்களுக்கு பென்ஷன் வந்துச்சு, வயசுக்கு ஆதாரம் இல்லாத ஏழைங்க ‘1841-லயும் 1851-லயும் என் பேர் இருக்கும் பாருங்க’ன்னு மனு போட்டாங்க, குமாஸ்தா தேடிப் பாத்து எழுதுன அந்தத் தேடல் படிவங்கள் இன்னும் இருக்கு. அந்த பென்ஷன்னாலதான் அயர்லாந்து சென்சஸ்ல 1901-ல 58-ன்னு சொன்ன பாட்டி 1911-ல 72-ன்னு சொல்லியிருப்பாங்க, அது வேற பாட்டின்னு நெனச்சிடாதீங்க.

அனாதை விடுதி, ஒர்க்ஹவுஸ் (கதியத்த ஏழைங்கள வேலை வாங்கிக்கிட்டு வெச்சிருந்த விடுதி) ரெக்கார்ட நீட்டுனா சில குடும்பங்களுக்கு மொகம் சுருங்கிடும், எங்க ஆளுங்க அங்கெல்லாம் இருந்திருக்க மாட்டாங்கம்பாங்க. துறைமுகத்துல தெனம் காலையில வரிசையில நின்னு வேலை கெடச்சா சாப்பாடு இல்லைன்னா பட்டினின்னு வாழ்ந்தவங்க, புருஷன் கால் ஒடஞ்சு படுத்தா அந்த வாரமே பிள்ளைங்களோட ஒர்க்ஹவுஸ் கதவத் தட்ட வேண்டியதுதான், இதுல அவமானப்பட அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. 1868 சட்டத்துக்கப்புறம் ஒவ்வொரு ஒர்க்ஹவுஸும் யார் எந்த மதம்னு தனி ரிஜிஸ்டர் வெக்கணும்னு ஆச்சு, அதுல கிட்டத்து சொந்தக்காரர் பேரும் விலாசமும் கூட கெடைக்கும். வேற எந்த ரெக்கார்டும் குடுக்காத இணைப்ப அது குடுத்திருக்கு, தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

பையன் ஒருத்தன் 1851-க்கப்புறம் காணாமப் போயிட்டான்னா செத்துட்டான்னு எழுதறதுக்கு முன்னாடி பட்டாளத்தப் பாருங்க. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில ஐரிஷ் கத்தோலிக்கப் பசங்க நெறைய சேந்தாங்க, கடல் தாண்டிப் போனவங்க இங்கத்து சென்சஸ்ல வர மாட்டாங்க. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பதிவுகளோட காப்பி லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் தொகுப்புல இருக்கு, கத்தோலிக்கப் பதிவுகளும் அதுல உண்டு. சென்னை ஆங்கிலோ இந்தியன் குடும்பங்கள் எதிர்ப்பக்கத்துல இருந்து தேடி வந்து சேர்றதும் இங்கதான்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இங்கிலாந்துப் பொதுப் பதிவாளர் அலுவலகத்தோட ஆன்லைன் இண்டெக்ஸ்ல, அக்கவுண்ட் போட்டா தேடறது இலவசம், அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரோட சேத்துத் தேடுங்க, 1837-ல இருந்தே அந்தப் பேர் அதுல இருக்கு. கெல்லி, அம்மா வால்ஷ்னு போட்டு அந்தத் தம்பதிக்குப் பொறந்த மொத்தப் பிள்ளைங்களையும் வரிசையா எழுதி, அப்புறம் ஒவ்வொரு பிள்ளையோட ஞானஸ்நானத்தையும் எடுத்து ஞானப்பெற்றோர் பேர பக்கத்துலயே எழுதுங்க. அதுக்கப்புறம் சர்டிபிகேட் ஆர்டர் பண்ணுங்க. ஏற்கனவே ஒரு மரத்த பப்ளிக்கா ஏத்தி வெச்சிருந்தீங்கன்னா ஆதாரம் இல்லாத ஆளுங்கள இன்னைக்கே எடுத்துடுங்க, இல்ல ‘உறுதியாகல’ன்னு பக்கத்துல போடுங்க, ஏன்னா மத்தவங்களுக்கு வெப்சைட்டு காட்டற அடுத்த ‘இருக்கலாம்’ உங்க மரத்துல இருந்துகூட போகும்.