டார்ட்மூரின் கறுப்பைப் பீட் மண்ணில் தேடாதீர்கள்

இங்கிலாந்தின் டெவனில் உள்ள டார்ட்மூர் மேட்டுவெளியில் நடந்துவிட்டு வந்து அரூப நிலக்காட்சி வரையும் சிலர், பையில் ஒரு பிடி பீட் மண்ணையும் அள்ளி வருகிறார்கள். அக்ரிலிக் மீடியத்தில், அதாவது நிறமில்லாத பிசின் குழம்பில், குழைத்துப் பூசினால் நிலமே படத்துக்குள் வந்துவிடும் என்ற நினைப்பு. வேண்டவே வேண்டாம். பீட் என்பது சதுப்பில் அரைகுறையாக மக்கிய பாசியும் புல்லும்தான். அமிலத்தன்மை கொண்டது, ஈரம் இழுக்கும், பூஞ்சை பிடிக்கும். அள்ளிய இடத்துச் சதுப்புக்கும் கேடு. பழைய வான்டைக் பிரவுன் நிறமும் லிக்னைட், பீட் வகை மண்ணிலிருந்து வந்ததே. எண்ணெயில் லேசில் காயாது, வெளிச்சத்தில் வெளிறும். வண்ணக் குழாயில் என்பிஆர்8 (NBr8) என்ற நிறமிக் குறியீடு அச்சிட்டிருந்தால் அதே சரக்கு.

டார்ட்மூரின் கறுப்புக்குப் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு 2 பங்கு, அல்ட்ராமரின் நீலம் 1 பங்கு என்று தொடங்குங்கள். அம்பர் கூடினால் வெட்டிய பீட்டின் ஈரப் பழுப்பு; நீலம் கூடினால் மழை மேகம் கவிந்த சரிவு. மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை போட்டால் அடிநிறம் தெரியும். ஒரே தடவையில் அப்பினால் தார்தான்.

குளிர்காலத்தில் வெளியில் அக்ரிலிக் போடாதீர்கள். சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகாது. காய்ந்ததுபோல் இருக்கும், பிறகு வெடிக்கும், பொடியும். நடைக்கு ஒரு சின்ன நோட்டு, கிராஃபைட் குச்சி, வெள்ளை மெழுகுக் கிரேயான் போதும். 20 நிமிடத்துக்கு ஒரு பக்கம்: கால் உணர்ந்த சரிவு ஒரு கோடாக, காற்றின் திசை, ஒரே ஒரு நிறத்தின் பெயர்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் தொடுவானம் பெரும்பாலும் நடுவில் வந்து உட்காரும். மேலே சாம்பல், கீழே பழுப்பு, இரண்டு பட்டை, படம் முடிந்தது! தொடுவானத்தை மேல் விளிம்புக்குத் தள்ளுங்கள், அல்லது எடுத்தே விடுங்கள். கார்ன்வாலின் ஓவியர் பீட்டர் லான்யன் நிலத்தை மேலிருந்து அறிய 1959-இல் கிளைடர் என்ற இயந்திரமில்லா விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டார். ஹெதர் என்ற குறுஞ்செடிப் பூவின் ஊதாவும் கோடை முடிவில் சில வாரங்கள்தான். மற்ற மாதங்களில் வைக்கோல் நிறமும் பெரணியின் துருநிறமும்தான் வெளியை ஆள்கின்றன.

வடக்குப் பகுதியில் ராணுவத்தின் சுடுதளங்கள் உண்டு. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே போகாதீர்கள். பளிச்சென்ற பச்சைத் திட்டு தெரிந்தாலும் கால் வைக்காதீர்கள்: அடியில் ஊறிய சதுப்பு. படத்தில் அந்தப் பச்சைக்கு ஒரு நகக்கண் அளவு இடம் போதும்.