பேச்சுக்கு முன்னால் வரும் விரல்

“ரெண்டு வயசு ஆகப் போகுது, இன்னும் ஒரு வார்த்தை பேசல” என்று வரும் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டியது பேச்சைப் பற்றி அல்ல. குழந்தை ஆள்காட்டி விரலை நீட்டி எதையாவது காட்டுகிறதா, காட்டினால் எதற்காகக் காட்டுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பலர் சற்று யோசித்துவிட்டு, “தண்ணி வேணும்னா என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான், என் கையத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல வைப்பான்” என்பார்கள். அது சுட்டிக் காட்டுவது இல்லை. அங்கே அம்மாவின் கை கதவு திறக்கும் கருவி மட்டுமே. குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை.

சுட்டுவதில் இரண்டு வகை உண்டு என்று 1975-இல் எலிசபெத் பேட்ஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பிரித்துக் காட்டினார்கள். அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டி ‘அது வேண்டும்’ என்பது ஒன்று. தெருவில் போகும் மாட்டைக் காட்டி ‘அதைப் பார்’ என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கவனித்துப் பாருங்கள். இடுப்பில் இருக்கும் குழந்தை மாட்டைப் பார்க்கிறது, விரல் நீள்கிறது, “ஆ!” என்று ஒரு சத்தம். உடனே தலையைத் திருப்பி அம்மாவின் கண்ணைப் பார்க்கிறது. அம்மாவும் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் மறுபடி மாட்டின் பக்கம் திரும்புகிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். குழந்தைக்கு மாடு வேண்டாம். தான் பார்ப்பதை அம்மாவும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்தவருக்கும் ஒரு மனசு உண்டு, அதன் கவனத்தைத் திருப்ப முடியும் என்ற புரிதலின் தொடக்கம் இது. ‘கூட்டுக் கவனம்’ என்கிறோம். அந்த நொடியில் அம்மா “மாடு!” என்று சொன்னால், அந்தச் சொல் போய் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. கூட்டுக் கவனம் அமையாத குழந்தைக்கு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாலும் எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு என்று பிடிபடுவது கடினம்.

இந்த விரலுக்குப் பின்னால் ஒன்றரை வருட வேலை இருக்கிறது. ஏறக்குறைய ஆறு, ஏழு மாதக் கருவிலேயே குழந்தை ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. அபிமன்யு வயிற்றுக்குள் இருந்தே வியூகம் கற்ற கதை நமக்குத் தெரியும். ஆனால் உள்ளே போய்ச் சேர்வது சொல் அல்ல, மெட்டு. பனிக்குட நீரும் அம்மாவின் உடலும் கூர்மையான ஒலிகளை வடிகட்டிவிட, குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும்தான் எஞ்சும். அதுவே போதும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், எப்படிச் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும் என்று கண்டுபிடித்து அப்படியே சப்பியதை 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். இதற்காக வயிற்றில் ஹெட்போன் வைக்க வேண்டியதில்லை. கர்ப்பிணி வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு. ஆறு மாதத்துக்குப் பிறகு “பபபப”, “ததத” என்ற மழலை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு, தன் வீட்டில் யாருமே பேசாத மொழியின் ஒலிகளையும் பிரித்தறியும் காது இருக்கிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள் அந்த வயதில் இந்தியின் ட, த இரண்டையும் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் மங்கிவிட்டது. இது 1984-இல் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு. நம் ல, ள, ழ மூன்றும் குழந்தையின் காதுக்குள் முதல் வயதிலேயே குடியேறத் தொடங்குகின்றன; நாக்கு அங்கே போய்ச் சேரத்தான் வருடங்கள் ஆகும்.

நம் முன்னோர் இந்தப் படிகளைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்கள் வெறும் கவிதை ஒழுங்கு அல்ல. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், தளர்நடையிட்டு வரும் வாரானை ஒரு வயதையொட்டி. அதன் பிறகுதான் அம்புலி: நிலாவைக் காட்டி, குழந்தையோடு விளையாட வா என்று அதை அழைப்பது. சாப்பிட முடியாத, தொட முடியாத, கைக்கு எட்டாத ஒன்றை இருவரும் சேர்ந்து பார்ப்பது. கூட்டுக் கவனத்துக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. 9 முதல் 12 மாதத்துக்குள் நாம் காட்டும் திசையில் குழந்தை திரும்பிப் பார்க்கத் தொடங்க வேண்டும். முதல் பிறந்தநாளையொட்டி டாட்டா, கைகொட்டல், கையை நீட்டித் தூக்கச் சொல்வது போன்ற சைகைகள் வர வேண்டும். 15 மாதத்தில் வேண்டியதைச் சுட்டிக் கேட்க வேண்டும். 18 மாதத்தில் வெறுமனே பகிர்ந்துகொள்வதற்காகச் சுட்ட வேண்டும். 12 மாதத்தில் மழலையோ சைகையோ அறவே இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் “அம்மா வா”, “பால் வேணும்” போலத் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல் இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. வந்த சொல்லோ சிரிப்போ சைகையோ மறைந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

“இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு மற்றவர்களை எட்டிப் பிடிக்கும் குழந்தைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அவர்களில் பலர் பேச்சு வராத காலத்திலும் சொன்னதைப் புரிந்துகொள்வார்கள், விரலாலும் முகத்தாலும் ஓயாமல் ‘பேசிக்கொண்டே’ இருப்பார்கள். சைகையும் இல்லை, புரிதலும் குறைவு என்றால் அப்பா கதை அங்கே பொருந்தாது. ஆண் குழந்தைகள் சற்றுப் பிந்துவது மெய். அது மாதக் கணக்கு, வருடக் கணக்கு அல்ல. வீட்டில் இரண்டு மொழி புழங்குவதால் பேச்சு கெடுவதும் இல்லை. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். ‘தண்ணி’யும் ‘வாட்டர்’ரும் இரண்டு சொற்கள்தான்.

காதை எப்போதும் முதலில் சோதிக்க வேண்டும். “டம்ளரைத் தட்டினா திரும்புறானே” என்பது சோதனை ஆகாது. டம்ளர் ஓசை திரும்ப வைக்கும். ஆனால் ச, ஸ போன்ற உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தை அதில் தப்பிவிடும். கதவு மூடும் அதிர்வை உடம்பால் உணர்ந்தும், நிழலைப் பார்த்தும் திரும்பும் குழந்தைகள் உண்டு. உட்செவி ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்க, பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஓ.ஏ.இ. சோதனை சில நிமிட வேலை. ஒரு மாதத்துக்குள் அந்தச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட வரிசை. ஐந்து நாளுக்கு மேல் என்.ஐ.சி.யூ. எனப்படும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, காது சரியாக இருந்து நரம்பு வழி பழுதாக இருந்தால் அதில் தெரியாது. ஒலி நரம்பு வழியே போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா வகைச் சோதனை தேவை. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குடும்பத்தில் காது கேளாதவர் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது செல்போன். பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கும் என்று பழகிய குழந்தை ஒரு நாளில் மூன்று வேளை கூட்டுக் கவனத்தை இழக்கிறது. சோறு ஊட்டும் நேரம்தான் முகமும் முகமும் பார்க்கும் நேரம், அதில் ஒரு கண்ணாடிச் சுவர் வந்துவிடுகிறது. 2003-இல் பட்ரீசியா கூல் குழு அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்தில் மாண்டரின் சீன மொழியைக் கேட்க வைத்தது. நேரில் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைக் கற்றன. அதே ஆள் வீடியோவில் வந்தபோது கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது. ஆனால் போனைப் பிடுங்கினால் மட்டும் பேச்சு வராது. அந்த இடத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும்.

உட்கார்ந்து என்ன செய்வது? பிடித்த பிஸ்கட்டை உள்ளே தெரியும் டப்பாவில் போட்டு மூடியை இறுக்கிக் குழந்தை கையில் கொடுங்கள். பத்து எண்ணும் வரை வாய் திறக்காமல், ஆவலோடு அதன் முகத்தைப் பாருங்கள். இந்த அமைதிதான் பெரியவர்களுக்குக் கடினம். மூன்று எண்ணுவதற்குள் திறந்து கொடுத்துவிடுவோம். கேட்பதற்கு முன்பே எல்லாம் கிடைக்கும் வீட்டில் குழந்தை கேட்கக் கற்க வழியில்லை. பார்வையோ கையோ சத்தமோ வந்ததும் “தொற!” என்று ஒரே சொல் சொல்லித் திறங்கள். சோப்பு நுரைக் குமிழி ஊதி மூடிவிட்டுக் காத்திருப்பதும் இதே வேலைதான். சுட்ட வராத குழந்தையின் விரலை மெல்லப் பிடித்து நீட்ட உதவலாம், ஒவ்வொரு நாளும் பிடியைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். பல்லி, ஃபேன், காக்கா என்று குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் சொல்லுங்கள். “இது என்ன? சொல்லு, சொல்லு” என்ற பரீட்சை வேண்டாம், அது குழந்தையின் பார்வையை நம்மிடமிருந்து விலக்கும்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசத்துக்கான வாய்ப்பு உண்டா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. அதன் முதல் கேள்வியே, அறையின் மறுபக்கத்தில் இருப்பதை நீங்கள் சுட்டினால் குழந்தை பார்க்கிறதா என்பதுதான். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று பொருள் அல்ல, முழு மதிப்பீடு வேண்டும் என்று பொருள். குழந்தைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டக் குழு அங்கன்வாடிக்கு வரும்போது சொல்லலாம். மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் உண்டு, செலவில்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான நிப்மெட் தேசிய நிறுவனம் இருக்கிறது. போகும்போது காது சோதனை அறிக்கையையும், குழந்தை வீட்டில் தானாக விளையாடும் இரண்டு நிமிட வீடியோவையும் எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பயந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் பார்க்க முடியாதது அதில் தெரியும். பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சந்திப்புக்குக் கிடைத்த தேதி மூன்று மாதம் தள்ளி இருந்தால், அந்த டப்பாவை இன்று மாலையே எடுங்கள்.