கிளீனர் ஃபிஷ்: துப்புரவு மீனா, பேன்கொத்தி மீனா?

பிற மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் கொத்தித் தின்னும் மீன்களுக்கு ‘கிளீனர் ஃபிஷ்’ என்று பெயர். பவளப்பாறைகளில் இது இயல்பாக நடக்கும் கொடுக்கல் வாங்கல். பெரிய மீன் தானே தேடி வந்து வாயையும் செவுளையும் திறந்து காட்டும். சிறிய மீன் உள்ளே நுழைந்து தன் இரையைப் பொறுக்கிக்கொள்ளும்.

இதே சொல் சால்மன் மீன் வளர்க்கும் பண்ணைக்குள் வந்ததும் பொருள் மாறிவிட்டது. நார்வே மொழியில் இதை ‘ரென்செஃபிஸ்க்’ என்கிறார்கள். ‘ரென்செ’ என்றால் தூய்மை செய், ‘ஃபிஸ்க்’ என்றால் மீன். சால்மனின் சளிப்படலத்தையும் தோலையும் ரத்தத்தையும் உண்டு வாழும் கடல்பேன்தான் அந்தத் தொழிலின் பெரிய தலைவலி. பேன் என்று அழைத்தாலும் அது பூச்சியல்ல, இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளின் இனம். 1980களின் இறுதியில் நார்வேயில் ராஸ் (wrasse) என்ற வகைக் கடல்மீன்களைச் சால்மன் வளரும் வலைக்கூண்டுக்குள் விட்டு இந்தப் பேன்களைத் தின்ன வைத்துப் பார்த்தார்கள். பேன்கள் மருந்துகளுக்குப் பழகிப்போக, இந்த மீன்களுக்கான தேவை பெருகியது. குளிர்நீரில் ராஸ் மந்தமாகிவிடும் என்பதால், குளிரிலும் சுறுசுறுப்பாக இருக்கும் லம்ப்ஃபிஷ் மீனைப் பொரிப்பகங்களில் வளர்க்கத் தொடங்கினார்கள். 2019 வாக்கில் நார்வே பண்ணைகளில் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி மீன்கள் இப்படி இறக்கப்பட்டன.

அவற்றில் எத்தனை பிழைத்தன? நார்வேயின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய ஆய்வில், இறந்தவையாகப் பதிவானவை மட்டுமே சுமார் 40 சதவீதம். சிறிய மீனின் உடல் விரைவில் அழுகிவிடும் என்பதால் கணக்கில் வராத சாவுகளும் உண்டு. வேறு எந்தப் பண்ணை விலங்கு இந்த விகிதத்தில் செத்தாலும் ஊரே பேசும்.

இதில் பெயருக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைக்கிறேன். ‘கிளீனர்’ என்பது வேலையைச் சொல்கிறதே தவிர உயிரைச் சொல்லவில்லை. ஒரே பெயருக்குள் அடங்கும் இந்த மீன்களின் தேவைகளோ முற்றிலும் வேறு வேறு. லம்ப்ஃபிஷ் வயிற்றுப் பக்கமுள்ள உறிஞ்சு வட்டால் வழவழப்பான பரப்பில் ஒட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும். அதன் அறிவியல் பெயரான ‘சைக்ளோப்டெரஸ்’ என்பதன் கிரேக்கப் பொருளே வட்டத் துடுப்பு. ஒட்ட இடமில்லாத கூண்டில் அது நீந்தி நீந்தியே களைத்துப்போகும். கோடையில் நீர் சூடேறினாலும் தாங்காது. ராஸ் மீனுக்கோ இரவில் பதுங்கித் தூங்கக் கடற்பாசி போன்ற ஒளிவிடம் வேண்டும். அதற்கு இரைப்பை கிடையாது, எனவே சிறுகச் சிறுக அடிக்கடி உணவு வேண்டும். வலையைச் சட்டென்று மேலே இழுத்தால் அதன் காற்றுப்பை உப்பிச் சேதமாகும்.

பேனைத் தின்றே இந்த மீன்கள் வயிறு நிரப்பிக்கொள்ளும் என்ற எண்ணம்தான் மிக ஆபத்தானது. லம்ப்ஃபிஷ் எதையும் தின்னும், பேன் அதில் ஒரு சிறு பகுதி. தனித் தீவனம் போடாவிட்டால் மெலிந்து, நோய்க்கு இடம்கொடுக்கும். துடுப்பு அழுகல், விப்ரியோ, ஏரோமோனாஸ் பாக்டீரியாக்கள் தரும் நோய்கள், அமீபாவால் வரும் செவுள் நோய் எல்லாம் பண்ணைகளில் அடிக்கடி காணப்படுபவை. சில பாக்டீரியா நோய்களுக்குத் தடுப்பூசி உண்டு, பொரிப்பகத்திலேயே ஊசி போட்டு அனுப்புகிறார்கள். கடலில் பிடித்துக் கொண்டுவரும் ராஸ்களோடு நோயும் பயணப்படலாம். 2012 இறுதியில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளின் ராஸ் மீன்களில் ரத்தக்கசிவு வைரஸ் நோய் கண்டறியப்பட்டது. இவை போக, சால்மனுக்கு வெதுவெதுப்பான நீராலோ தூரிகையாலோ பேன் நீக்கும் நேரத்தில், முன்கூட்டியே பிரித்தெடுக்கப்படாத சிறு மீன்கள் அதில் சிக்கி அடிபடுகின்றன.

இனி தமிழ்ச் சொல். ‘சுத்திகரிப்பு மீன்’ பொருந்தாது. சுத்திகரிப்பு என்பது எண்ணெய்க்கும் நீருக்கும் ஆகும் சொல், இந்த மீன் நீரைச் சுத்தம் செய்வதில்லை. ‘துப்புரவு மீன்’ பவளப்பாறை மீன்களுக்குச் சரி, ஆனால் கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் மீனையும் அப்படிச் சொல்லிவிட முடியும். ‘பேன்தின்னி’ என்று எறும்புத்தின்னியின் வழியில் ஆக்கலாம். அது பேனே அதன் உணவு என்ற அதே தவறான எண்ணத்தை வளர்க்கும். மரங்கொத்தி, மீன்கொத்தி என்பவை போல ‘பேன்கொத்தி’ என்பதே என் தேர்வு. மரங்கொத்தி மரத்தைத் தின்பதில்லை. பெயர் செயலைச் சொல்கிறது, உணவு எது என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் மட்டும் பேன்கொத்தி மீன் என்று எழுதலாம். நலம், நோய், தீவனம் பற்றி எழுதும்போது எந்த மீன் என்று இனத்தைச் சொல்லியே எழுத வேண்டும்: ‘லம்ப்ஃபிஷுக்கு ஒட்டுப்பரப்பு’, ‘ராஸுக்கு ஒளிவிடம்’ என்று.